துவாலு பிரதமரும் மஞ்சள் வேனும்

டெமோ வகுப்பில் தலைப்பு நம் கையில் இல்லை. நான் இந்திய அரசியலமைப்பைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. அரசியல் அறிவியலுக்கு ஒரே இடம். எனக்கு முன்னால் நடத்திய இருவரும் பிஎச்.டி. முடித்தவர்கள். நான் நெட் தேர்வு மட்டும். முதல்வர் நீட்டிய சீட்டுகளில் எனக்கு வந்தது, ‘துவாலு: அரசும் அரசியல் முறையும்’.

பசிபிக் கடலில் சின்னத் தீவுகள் என்று தொடங்கினேன். பெயரளவுக்கு பிரிட்டிஷ் மன்னர் தலைவர். அவர் சார்பில் கவர்னர் ஜெனரல். நாடாளுமன்றத்தில் பதினாறு உறுப்பினர்கள். கட்சியே கிடையாது. தங்களுக்குள் ஒருவரை அவர்களே பிரதமராக்குகிறார்கள்.

மாணவர்கள் முகத்தில் அசைவில்லை. முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரிசையில் கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் கொட்டாவி விட்டார். வேலை கைநழுவுவது கண்ணுக்குத் தெரிந்தது.

“நம்ம ஊராட்சி மாதிரி” என்றேன். வார்டு மெம்பருக்குக் கட்சிச் சின்னம் இல்லை. அவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் துணைத் தலைவர் வருகிறார். பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். அந்தத் தெம்பில் மேலே போனேன். கட்சிக் கொறடா இல்லாத இடத்தில் எந்த ஓட்டும் எந்தப் பக்கமும் சாயும். அதனால்தான் எங்கள் ஊரில் மெம்பர்களை ஒரு மஞ்சள் வேனில் ஏற்றி, ஏற்காட்டில் தங்கவைத்து, போனை வாங்கி வைத்துக்கொண்டு, தேர்தலன்று காலையில்தான் இறக்கினார்கள்.

முன் பெஞ்சு மாணவி மெல்லச் சொன்னாள்: “மேடம், அது நம்ம காலேஜ் வேனுங்க. துணைத் தலைவருக்கு நின்னது கரஸ் சாரோட தம்பி.”

சாக்பீஸை மேசையில் வைத்தேன்.

கரஸ்பாண்டன்ட் எழுந்தார். “வேன் கதைய யாரும்மா சொன்னது?”

பேப்பரில் படித்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். “எங்கம்மாங்க சார். மகளிர் வார்டு மெம்பர். அந்த வேன்ல அவங்களும் இருந்தாங்க.”

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. வேனில் எழுதியிருந்த பெயரை அவர் படித்திருக்க வழியில்லை. நிறத்தைத்தான் சொல்லியிருந்தார். நின்றவரின் அண்ணன்தான் இந்தக் கல்லூரியை நடத்துகிறார் என்பது எனக்குத் தெரியாது.

“என் வேன்ல ஏறிப் போயி, என் தம்பிய ஒத்த ஓட்டுல தோக்கடிச்சாங்க. யாருன்னு இன்னும் தெரியல. ஒங்கம்மா யாருக்குப் போட்டாங்க?”

முதல்வர் தலை குனிந்துகொண்டார். வகுப்பு என்னையே பார்த்தது.

“தெரியாதுங்க சார். ரகசிய ஓட்டு. துவாலுலயும் பிரதமருக்கு அப்படித்தான் போடறாங்க. எங்கிட்டயே அம்மா சொன்னதில்ல.”

கரஸ்பாண்டன்ட் உட்கார்ந்தார். “நடத்துங்க மேடம்.”

மீதி வகுப்பை முடித்தேன். அடுத்த வாரம் ஆர்டர் வந்தது.

டெமோவுக்குப் போகும் தங்கைகளுக்குச் சொல்கிறேன். உதாரணத்தை ஊரிலிருந்தே எடுங்கள். அதில் வரும் ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கலாம். அப்போதும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். வேலையில் சேர்ந்த அன்று காலை அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு யாருக்குப் போட்டாய் என்று.

“அது ஒனக்கெதுக்கு?” என்றார். “ரோட்டுல ஒங்க வேன் ஆரன் அடிக்குது, கெளம்பு.”