சீ முவாங் கோயிலில் தூக்கிய கல்

சுவிஸ் நகரமான லாங்கன்தாலில் ஒரே வீட்டில் அக்கா, அத்தான், நான் என்று மூன்று பேர் இருந்தோம். ஆய்வுகூடத் தராசுகள் செய்யும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. ஒரே பொருளை மூன்று முறை வைத்தால் மூன்று முறையும் ஒரே எடையைச் சொல்லாத தராசை என் மேசைக்கு அனுப்புவார்கள். தொழிலை லா ஷோ-து-ஃபோனில் படித்ததால் எனக்குப் பிரெஞ்சு வரும். லாவோஸின் தலைநகரான வியந்தியானில் ஒரு ஆய்வுகூடத்துக்கு நான்கு தராசுகள் நன்கொடையாகப் போனபோது, அவற்றைப் பொருத்திக் காட்டப் பிரெஞ்சு தெரிந்தவர் தேவைப்பட்டார். பட்டறையில் அது தெரிந்தவள் நான் மட்டும்தான்.

அப்போது அக்காவுக்கு நான்கு மாதம் முடியும் நேரம். முன்பு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டும் ஐந்தாம் மாதத்தில் போயின. டாக்டர் அவளைப் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். நான் போகவேண்டிய பத்து நாளும் அந்த ஐந்தாம் மாதத்தின் முதல் பத்து நாள்.

மருந்து நேரம், டாக்டரின் இலக்கம், சூப்புக்கு வேண்டியவை, எந்த உடுப்பை எந்தச் சூட்டில் தோய்ப்பது என்று எல்லாவற்றையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அத்தான் நின்று முழுவதையும் படித்தார். "மூச்சு விடுறதுக்கு எத்தினை மணி எண்டு போடேல்லையே, பிள்ளை?" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "வேலைக்குப் போ. விகாரைக்குள்ளை மட்டும் கால் வைச்சிடாதை," என்றாள்.

கொழும்பில் கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்த அன்று மாலை, தெருமுனைப் புத்த விகாரையில் மணி வழக்கமான நேரத்துக்கே அடித்தது. பக்கத்து வீட்டுக் குளியலறையில் ஒளிந்திருந்து நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டோம். அக்காவிடம் "ஓம், வைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வியந்தியானை ஒரு தலைநகர் என்று நம்ப எனக்கு இரண்டு நாள் எடுத்தது. பெரிய வீதியில் வாகனங்களை எண்ணிப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் ஒரு லொறி, இரண்டு ஜீப், மிச்சம் எல்லாம் சைக்கிள். சைக்கிளில் போகும் பெண்கள் ஒரு கையால் குடை பிடித்திருந்தார்கள். மேகோங் ஆறு வற்றி, நடுவில் மணல் திட்டுகள் தெரிந்தன. யாரும் சத்தமாகப் பேசவில்லை, ஹோர்ன் அடிக்கவில்லை. ஆய்வுகூடத்தில் என் தராசுகள் அவ்வளவு விரைவாக நிலைகொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நிலம் அதிரவே இல்லை.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் என் வயதுப் பெண். மதியத்தில் தன் சைக்கிளின் பின்னால் என்னை ஏற்றி ஊர் காட்டினாள். தாத் லுவாங் தூபியை நான் வெளியில் நின்றே பார்த்தேன். தாமரை மொட்டை நீட்டி வைத்ததுபோல உயர்ந்து, வெயிலில் மங்கிய தங்க நிறத்தில் நின்றது. நான்கு பக்கமும் சுற்றி நடந்து பார்த்தேன். எங்கும் ஒரு கோடு பிசகவில்லை. சீசகேத் கோயிலின் சுற்றுச்சுவர் முழுவதும் சின்னச் சின்ன மாடங்கள், மாடத்துக்கு இரண்டு புத்தர்கள். வாசலில் நின்றபடியே எண்ணத் தொடங்கி, நூற்றுப் பதினெட்டில் கண் வலித்து நிறுத்தினேன். அப்போதே ஒரு கால் படியைத் தாண்டியிருந்தது. பார்த்ததும் பின்னுக்கு எடுத்தேன்.

அவள் காரணம் கேட்டாள். சொன்னேன், அக்காவின் வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்து. அவள் சைக்கிளைத் திருப்பி என்னைச் சீ முவாங் கோயிலுக்குக் கொண்டுபோனாள். பிள்ளை வேண்டியும், பிள்ளை தங்கவேண்டியும் பெண்கள் வருவது இங்கேதான் என்றாள். உள்ளே மெத்தையில் உடைந்த ஒரு கல் புத்தர் இருக்கிறார். வேண்டுதலை மனத்தில் சொல்லி மூன்று முறை தூக்கவேண்டும், இலகுவாக வந்தால் நடக்கும். கட்டாயமில்லை, தான் வெளியில் நிற்கிறேன் என்றாள்.

வீட்டோடு கடைசியாகத் தொலைபேசியில் பேசி ஐந்து நாள் ஆகியிருந்தது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே சந்தன ஊதுபத்தியின் மணம், சாமந்திப்பூ, குவியலாக வாழைப்பழம். மூலையில் பிள்ளை வயிற்றோடு ஒரு பெண் சுவரில் சாய்ந்து காற்று வாங்கினாள். எனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இருக்கவில்லை. என் முறை வந்ததும் முழந்தாளிட்டுக் கல்லைத் தூக்கினேன். எட்டுக் கிலோ இருக்கும். இரண்டாம் முறையும் எட்டு. மூன்றாம் முறையும் எட்டு. சரியாக இருக்கிறது என்ற திருப்தியோடு எழுந்து வெளியே வந்தேன்.

என்ன கேட்டாய் என்றாள் அவள். அப்போதுதான் தெரிந்தது, நான் ஒன்றும் கேட்கவில்லை. கல்லைச் சோதித்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு என் தோளைத் திருப்பி, போய் வரிசையின் கடைசியில் நில் என்றாள்.

இந்த முறை கேட்டேன். தமிழில்தான் கேட்டேன், அக்காவின் பிள்ளை தங்கவேண்டும் என்று. அவர் பிள்ளையாரோ புத்தரோ என்று யோசிக்கவில்லை. கல் என் கைக்கு வந்தது, திரும்ப மெத்தைக்குப் போனது.

வீடு திரும்பியபோது அக்கா கட்டிலில் சாய்ந்திருந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வயிறு கொஞ்சம் தெரிந்தது. பெட்டியை வைக்குமுன்பே கேட்டாள்.

"விகாரைக்குப் போனனியோ?"

"ஓம்."

கத்தி நின்றது. நான் நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன், முதல் மூன்று முறை உட்பட. அத்தான் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா பீன்ஸைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கேட்டுத் தூக்கேக்கை பாரமாய் இருந்துதோ?"

"தெரியேல்லை அக்கா. நிறுக்க மறந்துபோனன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு கையால் வயிற்றைப் பிடித்து, என்னைத் திட்டினாள். நறுக்கிய பீன்ஸ் போர்வையில் கொட்டியது.

ஐந்தாம் மாதம் போயிற்று, ஆறாம் மாதமும். இலையுதிர் காலத்தில் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோவும் நூற்றுப் பத்துக் கிராமும். ஆஸ்பத்திரித் தராசை நான் சோதிக்கவில்லை.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அடுத்த வாரம், வியந்தியான் பெண்ணுக்குக் கடிதம் எழுதும்படி அக்காவே சொன்னாள். அவள் தமிழில் சொல்ல நான் பிரெஞ்சில் எழுதினேன். பூவும் வாழைப்பழமும் சீ முவாங் கோயிலுக்குக் கொண்டுபோய் எங்கள் பெயரால் வைக்கவேண்டும். பூ எது வேண்டுமானாலும் சரி. பழத்தில்தான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது.

"அங்கை எங்கடை இதரை வாழைப்பழம் இருக்குதோ? இல்லாட்டி இங்கத்தையப் போலை பச்சையாய் நீட்டுப் பழமோ? நல்லாய்ப் பழுத்ததாய்ப் பாத்து வைக்கச் சொல்லி எழுது."

எழுதினேன்.