முன் சீட்டில் இரண்டு பேர்

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அப்பாவிடம் ஒரு பழைய வெள்ளை வேன் இருந்தது. மூன்று கை மாறி எங்களிடம் வந்த வண்டி. தினமும் காலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும். வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும். அந்த ஒன்பது பேரில் என் அம்மாவும் ஒருத்தி. மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்த்தாள். வேனில் ஏறிவிட்டால் அப்பாவை ‘டிரைவரே’ என்றுதான் கூப்பிடுவாள். மற்ற பெண்கள் எதிரில் ‘இன்னாங்க’ என்று கூப்பிட அவளுக்கு வெட்கம்.

எங்கள் வீட்டுப் பின்பக்க அறைக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு அக்கா குடிவந்தாள். புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள் என்று பேசிக்கொண்டார்கள். அம்மாதான் தன் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டாள். வேனில் பின்னால் இடமில்லாததால், அதுவரை எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்த முன் சீட்டு அவளுக்குப் போயிற்று. நான் அவள் மடிக்குப் போனேன். அதில் எனக்கு நஷ்டமில்லை. போகிற வழியிலேயே ரிப்பனைச் சரியாகக் கட்டிவிடுவாள், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிவிட்டுத் தப்பானால் இடுப்பில் கிள்ளுவாள்.

அவள் வந்த இரண்டாவது வாரம் வேனுக்கு அந்த நோய் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஏதாவது வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றுவிடும். ஹாரன் அடிக்காது, லைட் எரியாது, சாவியைத் திருப்பினால் சின்னச் சத்தம்கூட வராது. அப்பா எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொல்வார். பெண்கள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் போய்க் கை வைப்பதற்குள், அப்பா இன்னொரு தடவை சாவியைத் திருப்புவார். வண்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும்.

டவுன் மெக்கானிக் அண்ணன் பேட்டரியை மாற்றினார், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார், நெடுஞ்சாலை வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். அவரிடம் அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. “நல்லாத்தாண்ணா கீது. நீ ஏன் பேஜார் பண்ணிக்கிறே?” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. என் வயிற்றுவலியும் டாக்டர் எதிரில் வந்ததே கிடையாது.

அப்பா வண்டி நின்ற நாட்களையெல்லாம் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தார். மற்றபடி என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. முன்கண்ணாடி ஓரத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

அக்காவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து வேலைக்கு வரவில்லை. அந்த இரண்டு நாளும் வண்டி குதிரைபோல ஓடியது. மூன்றாம் நாள் அவள் வந்தாள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் நின்றது. அன்றைக்கு ஏறவும் இறங்கவுமாக மூன்று தடவை நின்று, கம்பெனி கேட் மூடிவிட, பத்துப் பேருக்கும் அரை நாள் போயிற்று.

அந்தக் கேட் வாசலில்தான் தெருமுனை வீட்டு அத்தை வாயைத் திறந்தாள். அத்தை என்றால் சொந்தமில்லை. வேனில் எல்லோருக்கும் மூத்தவள், எல்லோருக்கும் அத்தை.

“முன்னாடி இந்த வண்டி நின்னுச்சாடி? யாரு ஏறனதுக்கு அப்புறம் நிக்குதுன்னு பாருங்க. கட்டினவன் ஊட்ட உட்டு வந்தவள முன்னாடி குந்த வச்சுக்கினு போனா வண்டி இன்னா பண்ணும்?”

அப்பா ஸ்டியரிங்கைத் துடைத்தார். அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு தடவை நின்ற பிறகு எனக்குப் பள்ளிக்கூடமும் போய்விட்டிருந்ததால் நானும் அங்கேதான் இருந்தேன். அக்கா என்னை மடியிலிருந்து இறக்கி, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு நடந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் நெடுஞ்சாலை வரை நடந்து பஸ் பிடித்தாள். முன் சீட்டு மறுபடி எனக்கு வந்தது. வண்டி ஆறு நாள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அத்தை தினமும் வண்டியிலிருந்து இறங்கும்போது, “சொன்னேனா இல்லியா?” என்று பொதுவாகக் கேட்டாள்.

“அக்காவ வண்டிக்குப் புடிக்கலியாம்மா?” என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுத்த நாள் காலையில் தோசைக் கரண்டியும் கையுமாகக் காலண்டர் எதிரில் போய் நின்றாள். வெகுநேரம் நின்றதில் ஒரு தோசை கருகியது.

“சனிக்கிழம ஒண்ணுகூட வட்டம் இல்லியே,” என்றாள்.

“அதுக்கு?” என்றார் அப்பா.

“சனிக்கிழமையும் அவ வேலைக்கு வந்தாளே. முன்னாடிதானே குந்தினு வந்தா. சனிக்கிழம வண்டில யாரு வர்றதில்ல?”

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. நான் தோசையை வாயில் வைத்தபடி அழ ஆரம்பித்தேன். ராசி கெட்டது நான்தான் என்று தெரிந்துபோனது.

அம்மா சிரித்துவிட்டாள். “ராசி இல்லடி, கனம். கம்பெனில மோட்டாரை மேஜமேல வச்சா சும்மா சுத்தும். லோடு குடுத்தாத்தான் அதுக்கு இன்னா நோவுன்னு தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகலாம் என்று சொல்லித் தெருமுனை அத்தையையும் இன்னும் இரண்டு பெண்களையும் அம்மா வேனில் ஏற்றினாள். முன் சீட்டில் தான் உட்கார்ந்தாள். அக்காவும் அவளும் ஒரே வாகு. என்னைப் பின்னால் அத்தையிடம் விட்டிருந்தாள். ஊருக்குள் இருந்த இரண்டு வேகத்தடைகளையும் வண்டி சுலபமாகத் தாண்டியது. அப்போது அம்மா நிறுத்தச் சொல்லி, என்னை முன்னால் அழைத்து மடியில் வைத்துக்கொண்டாள். டீக்கடைக்கு எதிரில் இருந்த மூன்றாவது தடையில் ஏறி இறங்கினோம். வண்டி செத்தது.

அத்தை வழக்கம்போல இறங்கப் போனாள். “யாரும் எறங்காதீங்க,” என்றாள் அம்மா. “பாப்பா மட்டும் எறங்கட்டும்.”

நான் இறங்கினேன். அப்பா சாவியைத் திருப்பினார், கிளம்பியது. அம்மா என்னை மறுபடி ஏற்றிக்கொண்டாள், அப்பா வண்டியை ஓர் ஆட்டு ஆட்டினார், நின்றது. இறங்கினேன், கிளம்பியது. டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு வேனை நிறுத்தவும் ஓட்டவும் என்னால் முடிகிறது என்று எனக்கு ஒரே பெருமை.

அம்மா பின்னால் திரும்பினாள். “இப்ப யாரு ராசி கெட்டவ அத்தே? நானா, என் பொண்ணா?”

அத்தை பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா முன் சீட்டைத் தூக்கினார். அடியில் பேட்டரியிலிருந்து போகும் தடித்த கறுப்பு வயர். சீட்டின் இரும்புச் சட்டம் படுகிற இடத்தில் அதை மடக்கிப் பார்த்தார். மேலே ரப்பர் முழுசாகத்தான் இருந்தது. உள்ளே செம்புக் கம்பிகள் முறிந்து, ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. சீட்டில் இரண்டு பேர் கனம் ஏறி வண்டியும் குலுங்கினால் விட்டுப்போகும், எழுந்தால் சேர்ந்துகொள்ளும். தள்ளுவதற்காக எல்லோரும் இறங்கியபோது அக்காவும் நானும் இறங்கியிருந்தோம், அவ்வளவுதான். மெக்கானிக் அண்ணனோ தனி ஆளாக ஓட்டிப் பார்த்தவர். அன்று மதியமே அப்பா புது வயர் போட்டார்.

சாயங்காலம் அம்மா பின்பக்க அறைக்குப் போனாள். நான் கதவருகில் நின்றேன். “அன்னிக்கு கேட்டாண்ட நான் வாயத் தொறந்திருக்கணும்,” என்றாள் அம்மா. “உடுக்கா,” என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் தெருமுனை அத்தையே முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். “குந்து கண்ணு. உன் எடம்தான் இது,” என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே ஏறினாள். நானும் மடியில் ஏறினேன்.

ஆனால் அந்த மடி முன்போல இல்லை. அக்கா சாய்ந்து உட்காரவில்லை. சீட்டின் நுனியில், ஒரு கையால் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றியிருந்தாள். ஒவ்வொரு வேகத்தடை வரும்போதும் என்னோடு சேர்த்துத் தன்னைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டாள்.

“வயர் புதுசுக்கா, நல்லா குந்து,” என்றேன்.

“குந்திக்கினுதான் கீறேன்,” என்றாள்.

அவள் புது வயரைப் பார்க்கவில்லை, அதுதான் பயம் என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலம் அப்பாவை நச்சரித்து சீட்டைத் தூக்கச் செய்து அவளுக்குக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். “நல்லா கீது,” என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

மறுநாளும் நுனியில்தான் உட்கார்ந்தாள். சரியாகக் காட்டவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.