அவஸ்தை எண்ணெய்

ரோசம்மாள் பொன்னேரியில் அரிசி மில் ஒன்றில் நெல் அவித்தாள். வாய் நீளம். மில்காரர் அவளைத் திட்டுவதென்றால் அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் திட்டுவார். எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போன பிறகும் அது குறையவில்லை.

அறுபத்தெட்டில் ஹாங்காங் காய்ச்சல் வந்தபோது அவள் ஊரில் பங்குச் சாமியார் பதினோரு பேருக்கு அவஸ்தை எண்ணெய் பூசினார். சாகக் கிடப்பவர்களுக்கு நெற்றியில் பூசுவது. ஒன்பது பேர் செத்தார்கள். மற்ற இருவரும் எண்ணெயைத் துடைத்துவிட்டதாகப் பேச்சு. அதன்பின் சாமியாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

ரோசம்மாளின் கணவன் சாலமோனால் உட்கார முடியவில்லை. காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் சளியில் ரத்தம் வந்தது. உதடு நீலமாகிவிட்டது.

கம்பவுண்டர் அப்பாவு பார்த்தார். “நிமோனியா. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போவலைன்னா நாளைக்குப் போவ வேணாம்.”

பொன்னேரி ஆஸ்பத்திரி ஊரிலிருந்து ஆறு மைல். மழையில் பஸ் நின்றுவிட்டது. ஊரில் எஞ்சின் வைத்த வண்டி சாமியாருடையது மட்டும்தான். ரோசம்மாள் போய்க் கூப்பிட்டாள். அவர் எண்ணெய்ச் சிமிழோடு வந்தார்.

“முதல்ல ஆத்துமாவைப் பார்ப்போம், ரோசம்மா.”

“ஆத்துமா எங்க ஓடிடப் போவுது சாமி? மூச்சுதான் ஓடுது. வண்டிய எடு.”

“வழியில உயிர் போனா அந்தப் பாவம் யாரைச் சேரும்?”

“என் பேர்ல எழுதிக்க. ஏற்கெனவே நெறைய கீது.”

சொல்லிக்கொண்டே சிமிழைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள். அங்கே கைவைக்க முடியாத சாமியார் வண்டியை உதைத்தார். சாலமோனை அவர் முதுகோடு புடவையால் கட்டிவிட்டுப் பின்னால் ஏறினாள். ஆறு மைலும் அவன் அவர் பிடரியிலேயே இருமினான்.

ஆஸ்பத்திரியில் பெனிசிலின் போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைப்பானா என்று டாக்டர் சொல்லவில்லை. மறுநாள் சாமியார் வந்து சிமிழைக் கேட்டார். “அவரு எழுந்தா தர்றேன்” என்றாள். அதற்கடுத்த நாளும் வந்தார். நான்காம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆறாம் நாள் காலை சாலமோன் கண் திறந்தான். பக்கத்துக் கட்டிலில் சாமியாரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“இன்னாடி, பூசிட்டாரா?”

“அவரே ஜொரத்துல படுத்துக்கினு கீறாரு. கஞ்சியக் குடி.”

“அவருக்கு யாரு பூசுவாங்க?”

“அவருக்கும் ஊசிதான். வாயத் தொற.”

திறந்தான்.