சீனித் தேத்தண்ணிப் போத்தல்

மகளையும் அம்மாவையும் கூட்டிப்போயிருந்த பதுளைப் பல் கிளினிக்கில் பக்கத்துக் குழந்தை சூப்பிய போத்தலிலிருந்து சீனித் தேத்தண்ணி வாசம் வந்தது.

சின்ன வயதில், நமுனுகுல தேயிலைத் தோட்ட லயத்தில் எங்கள் வீட்டுக் காலை வாசம் அது. கொழுந்து பறிக்கப் பெரட்டில் பேர் கொடுக்க விடியுமுன் புறப்படும் அம்மா, தம்பி அழக்கூடாதென்று அப்படியொரு போத்தலை அவன் வாயில் வைத்துவிட்டுத்தான் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுவார். அவனுடைய முன்பற்கள் கறுத்துக் கரைந்தபோது, "பால்பல்லுதானே, விழுந்து மொளைக்கும்" என்றார். முளைத்தவையும் சொத்தையாயின. தம்பியின் கல்யாணத்தில் படம் எடுத்தவர் சிரிக்கச் சொல்லியும் அவன் வாயைத் திறக்கவில்லை.

என் மகளுக்குப் பல் துலக்கிக் காட்டிய தாதி, "போத்தல்ல சீனித் தேத்தண்ணி மட்டும் குடுத்துறாதீங்க" என்றார்.

மகளை மடியில் வைத்திருந்த அம்மா, அவளுடைய பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத ஒருத்தரும் சொல்லலியேப்பா" என்றார் மெதுவாக. "அழாம இருக்கட்டும்னுதானே குடுத்தேன்."