கார்க் கதவில் விளாம்பிசின்

கல்முனையில் ஒரு முதலாளியின் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மச்சினனின் கலியாண ஊர்வலத்துக்கு அதையே கேட்டு எடுத்தேன். என் மனைவி கதவில் கடதாசிப் பூக்கள் ஒட்டினாள். மறுநாள் பூக்களை உரித்தேன். பசை காய்ந்து நின்றது. அஸர் தொழுகை நேரத்துக்குள் காரை முதலாளியிடம் கொடுக்கவேண்டும். பெற்றோலில் துணியை நனைத்துத் தேய்த்தேன். காரின் கறுப்பு நிறம்தான் துணியில் ஏறியது. பெயின்ற்றைக் கரைக்கிற பெற்றோலுக்கு இந்தப் பசை ஏன் கரையவில்லை என்று யோசித்தபடி நின்றேன்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி வெளியே வந்து, "அது விளாம்பிசின். நான் தண்ணிலதானே கரைச்ச" என்றாள்.

நான் உடுத்துக் கழித்த பழைய சாரனைத் தண்ணீரில் நனைத்துக் கதவில் போர்த்தோம். அரை மணித்தியாலத்தில் பசை வழுக்கிக்கொண்டு வந்தது. பெற்றோல் பட்டு மங்கிய இடத்தை முதலாளியிடம் நானே காட்டினேன்.

இப்போது காரில் எது ஒட்டியிருந்தாலும், பெற்றோலைத் தேடுமுன் ஒட்டினவரைத் தேடுகிறேன்.