வாரம் மூன்று நாள் மட்டும் வேலைக்குப் போனவர்

1. அப்பா ஐம்பத்திரண்டு வயதில் போர்வெல் லாரி வேலையிலிருந்து தாமாகவே நின்றார். யாரும் அனுப்பவில்லை.

2. அதன் பின் திங்கள் முதல் புதன் வரை திருச்செங்கோட்டுப் பட்டறை ஒன்றில் கம்ப்ரசர் பழுது பார்த்தார். மற்ற நாட்களில் அம்மாவுடன் ஊர் பார்த்தார்.

3. இருவரும் ஜோத்பூர் கிளம்ப இருந்த காலையில், பெரியப்பாவின் கோழிப்பண்ணையில் தீவனம் அரைக்கும் இயந்திரம் நின்றுபோனது.

4. அப்பா பயணத்தை நிறுத்திவிட்டு அங்கே போனார். இயந்திரத்தை ஓட வைத்தார். அங்கேயே மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்தது.

5. ஊர் சுற்றியே உடம்பைக் கெடுத்துக்கொண்டார் என்ற பேச்சு, சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் கால் கழுவும்போதே தொடங்கிவிட்டது.

ஐந்தாவதில் உள்ள பேச்சு பொய். ஓராண்டாக அது சுற்றுவதால் இந்த நினைவு மலரில் எழுதி மறுக்கிறேன்.

அப்பா சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு போர்வெல் லாரியில் ஏறினார். மகாராஷ்டிரம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் போய்விடுவார். ராஜஸ்தானில் என்ன பார்த்தீர்கள் என்று சிறுவயதில் கேட்டேன்.

"கல்லுதான் சாமி. மேல வர்ற கல்லுப்பொடி நெறத்தப் பாத்தா எந்த ஊருன்னு சொல்லிருவேன். ஊரப் பாத்ததில்ல."

வீடு கட்டி, என்னைப் பொறியியல் படிக்க வைத்த பிறகுதான் வேலையை விட்டார். சும்மா உட்கார்ந்தும் பார்த்தார், எரிச்சல் வந்தது. முழு வாரமும் பட்டறைக்குப் போய்ப் பார்த்தார், பழையபடி அம்மா தனியாக இருந்தார். இரண்டையும் பார்த்துவிட்டு எடுத்த முடிவுதான் மூன்று நாள். சோம்பேறித்தனம் என்று சொன்னவர்கள் யாரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை.

ஆனால் வேலை மட்டும் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க, மருத்துவமனையில் துணைக்கு இருக்க, பண்ணையைப் பார்த்துக்கொள்ள என்று வியாழக்கிழமை ஆனால் போன் வரும். "நீ சும்மாதான இருக்கற?"

பெரியப்பா ஒருமுறை வீட்டுக்கே வந்து கேட்டார். "ஏன்டா, நல்லா இருக்கற மனுசன் பாதி வாரம் பொண்டாட்டியோட ஊரு சுத்துனா எனக்குத்தான அசிங்கம்?"

"எனக்கு அசிங்கமா இல்லீங்கண்ணா," என்றார் அப்பா.

அப்படிச் சொன்னவர்தான் கடைசி நாளன்று பண்ணைக்குப் போனார். "ஏனுங்க, ரயில் போயிருமுங்க," என்றார் அம்மா. "தீவனம் இல்லாட்டி கோழி என்ன பண்ணும்? ரயிலு அடுத்த வாரமும் வரும்," என்றார் அப்பா.

இதய அடைப்பு நெடுநாளாக இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். பண்ணையால் இறந்தார் என்று நான் எழுதவில்லை. பயணத்தால் இறந்தார் என்று யாரும் சொல்லவும் கூடாது. காரியத்தன்று இருபது பேர் நடுவில் அத்தை அம்மாவைப் பார்த்து, "நீ இழுத்துக்கிட்டுத் திரிஞ்சதுலதான் எந்தம்பி போயிட்டான்," என்றார். பெரியப்பா பக்கத்தில்தான் நின்றார். அப்பா எங்கே விழுந்தார் என்று அவருக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

போன மாதம் அவர் என்னை அழைத்தார். "கடைசி மூச்சு வரைக்கும் ஓயாம உழைச்சாருன்னு மலர்ல போட்டுரு சாமி. அதுதான் மரியாதை."

"ஓய்வெடுத்தாருங்க பெரியப்பா. அதத்தான் போடப்போறேன்."

"அப்ப எம்பேர அதுல போடாத."

"சரிங்க பெரியப்பா." போடவில்லை.

அப்பா கேட்டபோதெல்லாம் வேலை நாட்களை மாற்றிக் கொடுத்த பட்டறை உரிமையாளருக்கு நன்றி. மயங்கியவரைத் தூக்கி வண்டியில் கிடத்தி, மருத்துவமனை வரை தலையை மடியில் வைத்திருந்த பண்ணைத் தொழிலாளிக்கு நன்றி. காரியப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அம்மாவைக் குறை சொன்னவர்களுக்கு நன்றி இல்லை.

அம்மா இந்த ஓராண்டில் கடைவீதிக்குக்கூடப் போகவில்லை. நான் கூப்பிட்டால், பார்ப்பவர்கள் பேசுவார்கள் என்கிறார். அத்தை சொன்ன சொல்லை அதே ஆட்கள் நடுவில் திரும்பப் பெற வேண்டும். பெரியப்பா நடந்ததைச் சொல்ல வேண்டும். அதுவரை அந்த இரண்டு வீடுகளின் நல்லது கெட்டதுக்கு நாங்கள் வரமாட்டோம்.