பச்சை விளக்கு எரிந்த பெட்டி

பிழையை மறைக்கச் சொன்னது நீங்கள்தான். என் மேலதிகாரியாக இருந்த உங்களைத்தான் சொல்கிறேன்.

படகில் வைக்கும் எச்சரிக்கைப் பெட்டிக்கு நாம் மென்பொருள் எழுதினோம். காற்று வலுத்தால் பெட்டி சங்கு ஊத வேண்டும். பழவேற்காட்டில் எங்கள் குப்பத்துப் படகுகளில் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னது நான். முதல் பெட்டியைத் தன் படகில் கட்டிக்கொண்டது என் அப்பா, என் நைனா.

நூற்றுக்கணக்கான கோப்புகளைச் சேர்த்து ஒரே பெரிய ஷேர்டு லைப்ரரியாக ஆக்கும்போது, அவற்றை இணைக்கும் லிங்கர் என்ற நிரல் நின்றுவிட்டது. சங்கு ஊதும் ஃபங்ஷனை, அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டை, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், அது எங்கேயும் இல்லை என்றது. அப்போது நான் வீட்டில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். வலையை உதறிக்கொண்டே நைனா கேட்டார்.

"இன்னாம்மா, மூஞ்சி தொங்குது?"

"சங்கு ஊதுறவன் பேரு லிஸ்ட்ல கீது நைனா. ஆளக் காணோம்."

"பாடு குலுக்குறப்போ பேரு விழுந்துட்டு, வலை போட வராம பூட்டவன் மாதிரி?"

"அதேதான்."

"ஒரே எடத்துக்கு ரெண்டு பேரு வந்து நின்னா?"

"அது வேற எரரு. அதுக்கும் கத்தும்."

"எங்க ஊரு பெரியாளுங்கள விட கறாரு போல" என்று சிரித்தார்.

ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடலாம் என்று ஊர் கூடிக் குலுக்கிப் போடுவதுதான் பாடு. தன் நாளை விட்டவன் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். மீன் அதிகம் படும் முகத்துவாரத்துப் பாடு விழுந்தால் யாரும் விடமாட்டார்கள்.

பிழையைத் தேட உங்களிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். "நாளைக்கு ரிலீஸ்மா. அந்த செக்க எடுத்துடு, பில்டு பாஸ் ஆகட்டும். ஓடும்போது பாத்துக்கலாம்" என்றீர்கள். பெயருக்கு ஆள் இல்லையென்றால் நிறுத்து என்று லிங்கருக்குச் சொல்லும் ஒரே ஒரு வரி. எடுத்தது என் கை. அதை நான் மறைக்கவில்லை.

பில்டு பாஸ் ஆனது. அந்தப் பெட்டி ஒரு ஃபங்ஷனை, அதைக் கூப்பிடும்போதுதான் தேடும். காற்றில்லாத நாட்களில் சோதித்தோம். யாரும் சங்கைக் கூப்பிடவில்லை. எல்லாம் ஓடியது. கைதட்டினீர்கள்.

நைனாவுக்கு முகத்துவாரத்துப் பாடு விழுந்த அன்று காற்று எழும்பியது. பெட்டி முதல்முறையாகச் சங்கைத் தேடியது, கிடைக்கவில்லை, மென்பொருள் அப்படியே செத்தது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் இருந்தால் அது எரியும், அவ்வளவுதான். பக்கத்துப் படகுக்காரர் பிறகு வந்து அழுதார்.

"வா மாமா, மானம் கறுக்குதுன்னு கத்துனேன்மா. 'எம் பொண்ணு பெட்டி கத்தலியே, இன்னா அவசரம்? இன்னிக்கி வுட்டா அடுத்த சுத்துதான்'னாரு."

மற்ற படகுகள் திரும்பின. நைனா மறுநாள் பிணமாகக் கரை ஒதுங்கினார். வானத்தைப் பார்த்து வலை எடுக்கத் தெரிந்தவர். அன்று என் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

நைனாவின் காரியம் முடிந்த பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். எந்தக் கோப்பில் எந்தப் பெயர் இருக்கிறது என்று காட்டும் கட்டளையை ஓட்டினேன். சங்கு ஊதும் ஃபங்ஷன் எங்கேயும் போகவில்லை. ஒரு துணை லைப்ரரிக்குள்ளேயே இருந்தது. லிங்கர் வரிசையாகப் படிக்கும். கேட்கிற கோப்பு வருவதற்கு முன்பே, தருகிற லைப்ரரியைத் தாண்டிப் போயிருந்தது. அந்த லைப்ரரியின் பெயரை வரிசையில் கடைசிக்கு நகர்த்தினேன். சேர்ந்துகொண்டது. டீ ஆறுவதற்குள் முடிந்துபோன வேலை. அதற்கப்புறம் அந்த லேப்டாப்பை நான் தொடவில்லை.

விபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையில் 'பயன்படுத்தியவரின் கவனக்குறைவு' என்று இருக்கிறது. என் நைனாவைச் சொல்கிறீர்கள்.

எங்கள் ஊரில் பாடுகளை மூடிய அறையில் குலுக்க மாட்டார்கள். எல்லாரும் பார்க்க, கோயில் முன்னால் குலுக்குவார்கள். அடுத்த குலுக்கலுக்கு வாருங்கள். அங்கே நின்று சொல்லுங்கள்: அந்த வரியை ஏன் எடுக்கச் சொன்னீர்கள்?